'அதிக அபாயம்' என்று எழுதிவிட்டார்கள், அதை வைத்து ஊராட்சி என்ன செய்வது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். வேதாரண்யம் வட்டத்தில் கடலிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் உள்ளே ஒரு ஊராட்சி. வெளியூர் வேலையை விட்டு ஊர் திரும்பியிருக்கிறீர்கள். கணினி தெரிந்தவர் என்பதால் ஊராட்சிக்குப் பேரிடர்த் திட்டம் எழுதும் வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. மாவட்டத் திட்டத்தைப் புரட்டினால் புயல், வெள்ளம், சுனாமி எல்லாவற்றுக்கும் நேராக 'அதிகம்' என்று இருக்கிறது. எங்கள் ஊரின் அபாயத்தை எப்படி அளப்பது, அதற்கு வரைபடமோ ஆப்போ உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் கடைசி வரியில்தான் விஷயமே இருக்கிறது: ஊராட்சியிடம் இருக்கும் கொஞ்சக் காசை முதலில் எதில் போடுவது? ஆப் பற்றிய கேள்விக்கு இரண்டு வரி போதும். இதற்குத்தான் நீளமான பதில் வேண்டியிருக்கிறது.

நான் நீர்வளப் பொறியியல் படித்தவன். இருபது ஆண்டுகளுக்கு மேல் காவிரி டெல்டாவில் வடிகால், கடைமடைப் பாசனம், அப்புறம் பேரிடர்த் திட்டங்கள் என்று அலைந்திருக்கிறேன். வானிலை என் துறை இல்லை. காப்பீட்டுக் கணக்கும் எனக்கு மேலோட்டமாகத்தான் தெரியும். அந்த இரண்டையும் தொடும் இடங்களில் கொஞ்சம் தள்ளுபடி செய்து படியுங்கள்.

முதலில் அந்த 'அதிகம்' எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் திட்டம் இருக்க வேண்டும். ஆட்சியர் தலைமையில் அது தயாராகிறது. எந்த வட்டத்துக்கு எத்தனை படகு, எங்கே மணல் மூட்டை, எந்த அதிகாரி எங்கே தங்குவது என்று முடிவெடுக்க அவர்களுக்கு ஒரு வரிசை தேவை. அதற்கு அது போதுமானதுதான், குறை சொல்ல மாட்டேன். தாழ்வான இடங்களைத் தண்ணீர் நிற்கும் ஆழத்தை வைத்துப் பிரிக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் இருக்கிறது. 5 அடிக்கு மேல் நின்றால் மிக அதிகம், 3 முதல் 5 வரை அதிகம், 2 முதல் 3 வரை நடுத்தரம், அதற்குக் கீழே குறைவு. ஆட்களை வெளியேற்ற இந்த அளவு உதவும். ஆனால் உங்கள் ஊரில் பாதிப் பேர் சம்பா போடுகிறவர்கள். நட்டு மூன்று வாரமான பயிர் இரண்டு அடித் தண்ணீரில் பத்து நாள் மூழ்கிக் கிடந்தால் போச்சு. அதே இரண்டு அடி ஒரு திண்ணையில் ஆறு மணி நேரம் நின்று வடிந்தால், வீட்டுக்காரர் திட்டிக்கொண்டே கழுவிவிட்டு வேலையைப் பார்ப்பார். பட்டியலில் இரண்டும் ஒரே வகை. அதனால் ஊரில் விசாரிக்கும்போது எத்தனை அடி நின்றது என்பதோடு, எத்தனை நாள் நின்றது என்பதையும் கட்டாயம் கேளுங்கள்.

பழைய கணக்குகளை எடுக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. 'நாகப்பட்டினம் மாவட்டம்' என்ற பெயர் ஒரே இடத்தைக் குறிக்காது. 1991 வரை எல்லாம் தஞ்சாவூர் மாவட்டம். அப்புறம் நாகை தனியானது, 1997-ல் திருவாரூர் பிரிந்தது, 2020 கடைசியில் மயிலாடுதுறை பிரிந்தது. 1977 புயல் சேதத்தையும் 2004, 2018 சேதங்களையும் 'மாவட்ட வாரியாக' ஒரே அட்டவணையில் போட்டு வரைபடம் வரைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பார்க்க அழகாக இருக்கும், பொருள் இருக்காது.

சரி, புயல் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும்? இந்தக் கரையில் பெரியவர்கள் நினைவில் நிற்பவை 1952, 1955, 1977, 2018. 1977 நவம்பர் 12-ல் நாகைக்குத் தெற்கே கரையேறியதில் மட்டும் சுமார் 560 பேர் இறந்தார்கள். 1993 டிசம்பரில் காரைக்கால் அருகே கரை கடந்ததை உங்கள் ஊர்க் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா? ஐம்பது கிலோமீட்டருக்குள் வந்ததை மட்டும் எண்ணினால் விட்டுப்போகும், நூறு என்றால் சேர்ந்துவிடும். இப்படி வட்டத்தை எவ்வளவு பெரிதாகப் போடுகிறோம் என்பதிலேயே பதில் மாறுகிறது. இந்திய வானிலைத் துறையின் புயல் அட்லஸில் 1891 முதல் வந்த புயல்களின் தடங்கள் இருக்கின்றன. நினைவை நம்பாமல் அதிலிருந்து எண்ணுங்கள். இரண்டு தூரத்துக்கும் எண்ணி, இரண்டையும் எழுதி வையுங்கள்.

எண்ணிய பிறகு ஒரு சிக்கல் வரும். ஒரு பேச்சுக்கு 70 ஆண்டில் 4 என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் பதினேழு, பதினெட்டு ஆண்டுக்கு ஒன்று. அதை அப்படியே திட்டத்தில் எழுதிவிடத் தோன்றும். ஆனால் நாலே நாலு நிகழ்வை வைத்துச் சொல்லும் சராசரி மிகவும் ஆட்டம் காணும். புள்ளியியல்படி நியாயமாகச் சொல்ல முடிவது, 7 ஆண்டுக்கு ஒன்றிலிருந்து 60-க்கும் மேற்பட்ட ஆண்டுக்கு ஒன்று வரை எதுவாகவும் இருக்கலாம் என்பதுதான். போதாக்குறைக்கு, எண்ணும் காலத்தை நான் ஒரு புயல் வந்த காலத்திலிருந்தே தொடங்கிவிட்டேன். அதுவே கணக்கைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும். இன்னொன்று: சராசரி என்பது தவணை இல்லை. 1955-க்கும் 1977-க்கும் இடையில் 22 ஆண்டு, 1977-க்கும் 2018-க்கும் இடையில் 41 ஆண்டு. போன தடவைதானே வந்தது, இனி நம் காலத்தில் வராது என்று டீக்கடையில் சொல்வார்கள். 1952-ல் சொன்னவர்களுக்கு மூன்றே ஆண்டில் பதில் கிடைத்தது.

இவ்வளவு தடுமாறும் எண்ணை வைத்து என்ன செய்வது? முடிவு எடுப்பவரின் கால அளவோடு அதைப் பொருத்த வேண்டும். இன்று நடும் நாட்டு நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டு. அந்த 7 ஆண்டுக்குள் இன்னொரு பெரும் புயல் வர, 17 ஆண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஏறக்குறைய 35 விழுக்காடு வாய்ப்பு. மேலே சொன்ன இரண்டு ஓரங்களையும் வைத்துப் பார்த்தால் 10 முதல் 66 விழுக்காடு. அகலமான விடைதான். ஆனால் பத்து விழுக்காடு என்றாலே தோப்பு முழுவதும் தென்னையாக வைக்கலாமா என்று ஒரு குடும்பம் யோசிக்க வேண்டியிருக்கும். துல்லியமில்லாத எண்ணும் சில முடிவுகளுக்குப் போதும். எந்த முடிவுக்குப் போதும், எதற்குப் போதாது என்பதை மட்டும் திட்டத்தில் ஒளிக்காமல் எழுதுங்கள்.

இங்கே கஜா புயலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், உங்கள் ஊரின் அபாயம் எப்படி மாறியிருக்கிறது என்று அதில்தான் தெரிகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. முன்கூட்டியே 80,000 பேருக்கு மேல் முகாம்களுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். உயிரிழப்பு 1977-ஐ ஒப்பிட்டால் மிகக் குறைவு. எச்சரிக்கை அமைப்பு நன்றாகவே வேலை செய்தது. ஆனால் சாய்ந்த தென்னைக்கு எச்சரிக்கை உதவாது. அரசு மரத்துக்கு 1,100 ரூபாய் கொடுத்தது, அதில் 500 விழுந்த மரத்தை அப்புறப்படுத்த. ஆண்டுக்கு 80, 100 காய் தரும் மரம், காய் 10 ரூபாய் என்று வைத்தால் அந்தத் தொகை ஓராண்டு வருமானத்தை ஒட்டி வரும். இழந்தது ஏழு ஆண்டு. 41 ஆண்டு அமைதியில் மக்கள் தைரியமாகத் தோப்பு வைத்தார்கள், தோப்பை நம்பிக் கடன் வாங்கினார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். சாகும் அபாயம் குறைந்துகொண்டே வந்த அதே காலத்தில் பிழைப்பு போகும் அபாயம் சத்தமில்லாமல் ஏறியிருக்கிறது. சாவு எண்ணிக்கையை மட்டும் அளவுகோலாக வைத்தால் இது கண்ணில் படவே படாது.

அதனால் என் வழி இது. ஒவ்வொரு ஆபத்துக்கும் எதிரே, எவ்வளவு பலமாக அடிக்கும் என்பதற்குப் பதிலாக, அடித்த பிறகு இந்த ஊரில் யார் எத்தனை நாளில் பழைய நிலைக்கு வருவார்கள் என்று எழுதச் சொல்வேன். கஜாவில் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. மின்சாரம் இல்லையென்றால் குடிநீர் மோட்டார் ஓடாது. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் தூரத்திலிருந்து தண்ணீர் வாங்கும் ஊருக்கு, வழியில் ஒரு நீரேற்று நிலையம் நின்றாலும் குழாய் வறண்டுவிடும். உங்கள் ஊரில் மேல்நிலைத் தொட்டி நிறைந்திருந்தால் எத்தனை நாள் தாங்கும், ஜெனரேட்டர் யாரிடம் இருக்கிறது, டீசல் எங்கிருந்து வரும், பழைய கைபம்புகளில் எத்தனை வேலை செய்கின்றன, எது உப்புத் தண்ணீர்? இவற்றைக் கண்டுபிடிக்க ஒரு மதியம் போதும். எந்த ஆப்பும் இதைச் சொல்லாது. உப்பளத் தொழிலாளிக்கும் மீனவருக்கும் தோப்புக்காரருக்கும் திரும்பும் காலம் வேறு வேறு. கஜா கடலிலிருந்து வாரிக் கொண்டுவந்து கொட்டிய சேற்றை நீங்கள் புஷ்பவனம் பக்கம் பார்த்திருப்பீர்கள். படகு உடையாதவர்கூட அதைத் தாண்டிப் படகை இறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

இனி தரை. டெல்டாவில் வெள்ள அபாயத்தை அரை அடி, ஒரு அடி மேடுபள்ளம்தான் தீர்மானிக்கிறது. நீங்கள் கேட்ட ஆப்புகளில் வரும் உயர வரைபடங்கள் பெரும்பாலும் எஸ்.ஆர்.டி.எம். போன்ற, விண்வெளியிலிருந்து ரேடாரால் எடுத்த அளவீடுகள். அவற்றின் பிழையே சில மீட்டர். மலைப்பகுதிக்கு அது பரவாயில்லை. கடல் மட்டத்திலிருந்து இரண்டு, மூன்று மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊருக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அதைவிட வேடிக்கை, அடர்ந்த தென்னந்தோப்பில் ரேடார் மரத்தலையைத் தரை என்று எடுத்துக்கொள்ளும், பள்ளத்தில் இருக்கும் தோப்பு மேடாகத் தெரியும். அதனால் கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருக்கும் தண்ணீர் டியூபை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடப் படியை பூஜ்யமாக வைத்து, அங்கிருந்து ஒவ்வொரு தெரு, திடல், மதகு, ரேஷன் கடை, மின்மாற்றி எவ்வளவு மேலே அல்லது கீழே என்று அளந்துகொண்டே போங்கள். இரண்டு இளைஞர்கள் இருந்தால் நாலைந்து நாளில் முடியும். கடல் மட்டத்திலிருந்து எத்தனை அடி என்று தெரிய வேண்டியதில்லை, ஊருக்குள் எது எதைவிடத் தாழ்வு என்று தெரிந்தால் போதும். வேதாரண்யம் பக்கம் பழைய மணல் மேடுகள் கரைக்கு இணையாக வரிவரியாக ஓடுகின்றன, இடையில் பள்ளம். முன்னோர் வீடு கட்டியது மேட்டில். பிந்திய காலனிகளும் தொகுப்பு வீடுகளும் எங்கே வந்திருக்கின்றன என்று டியூபே காட்டிக்கொடுக்கும். யாருக்கு மேடு கிடைத்தது, யாருக்குப் பள்ளம் கிடைத்தது என்பது சாதியோடும் சேர்ந்த விஷயம். அதையும் மறைக்காமல் எழுத வேண்டியிருக்கும்.

அளவோடு வடிகாலையும் நடந்து பாருங்கள். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. பெய்தது. ஒரு ஏக்கரில் ஒரு செ.மீ. மழை என்றால் சுமார் 40,000 லிட்டர். 44-க்கு ஏக்கருக்கு 17 லட்சம் லிட்டரைத் தாண்டும். அது எங்கே போகும்? வாய்க்கால் வழியாக ஆற்றுக்கு, ஆறு வழியாகக் கடலுக்கு. நடுவில் ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் மண்டியிருக்கும், ஒரு தனியார் பாலம் வாய்க்காலைக் கழுத்தை நெரித்திருக்கும், கடைமடை ரெகுலேட்டரின் (நீரைத் தடுத்துத் திறந்துவிடும் கதவணையின்) ஷட்டர் துருப்பிடித்திருக்கும். இதெல்லாம் சரியாக இருந்தும், "கடல் தண்ணீர் வாங்கவில்லை" என்று உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். அது மூடநம்பிக்கை இல்லை. இந்தக் கரையில் கடல் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான், ஆனால் ஆற்றின் சரிவும் அவ்வளவு குறைவு. புயல் காற்று கடலைக் கரைப்பக்கம் தள்ளி வைத்திருக்கும் நாளில் முகத்துவாரம் மூடிய கதவு மாதிரி. மழையும் கடல் ஏற்றமும் ஒரே இரவில் வருவதுதான் உங்களுடைய மோசமான நாள். மாவட்டத் திட்டத்தில் இவை தனித்தனி அத்தியாயங்களாக இருக்கும்.

என் கதை ஒன்று. பல ஆண்டுக்கு முன் ஒரு ஊருக்கு நான் எழுதிய திட்டத்தில், உயரமான அஸ்திவாரத்தில் புதிதாகக் கட்டிய பள்ளியைப் புகலிடமாகக் குறித்தேன். கட்டடத்தின் உறுதி, கழிப்பறை, எத்தனை பேர் படுக்கலாம் என்று எல்லாம் பார்த்தேன். அடுத்த மழையில் கட்டடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் போகும் இருநூறு மீட்டர் மண்பாதை இடுப்பளவுத் தண்ணீரில். பள்ளிக்குள் வந்து சேர்ந்தவர்கள் பக்கத்துத் தெருக்காரர்கள் மட்டும். வயதானவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் ஒண்டிக்கொண்டார்கள். மண்டபத்துக்குக் கதவு கிடையாது, ஆனால் அங்கே நடந்து போக முடிந்தது. அன்றிலிருந்து புகலிடத்தைப் பார்க்கும் முன் அதற்கான வழியை, அதுவும் ஒரு மழைநாளில், நடந்து பார்க்கிறேன்.

யார் எங்கே, எந்த நேரத்தில் இருப்பார்கள் என்பதும் அபாயத்தில் பாதி. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணியில் வெளியூர்க் கூட்டம் நிறைந்திருந்தது. அலை வந்தபோது ஆழ்கடலில் இருந்த மீனவர்கள் பலர் தப்பினார்கள், கரையில் மீன் எடுக்கக் காத்திருந்த பெண்களும் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளும் போனார்கள். அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல். அதே அலை வேறொரு கிழமையில், வேறொரு மணியில் வந்திருந்தால் எண்ணிக்கை வேறாக இருந்திருக்கும். எனவே வீட்டுக்கு வீடு கணக்கெடுக்கும்போது தலைகளை எண்ணுவதோடு நிறுத்தாதீர்கள். நடக்க முடியாதவர், தனியாக இருக்கும் முதியவர், மாதம் நிறைந்த கர்ப்பிணி, டயாலிசிஸ் செய்துகொள்பவர், ஆடு மாட்டை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடிப்பவர் என்று பெயரோடு எழுதுங்கள். கடைசி வகையில் ஊருக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை, மாட்டுக்கு ஒரு மேடு காட்டினால் வருவார்கள். அந்தப் பட்டியலை மட்டும் பொதுவில் ஒட்டாதீர்கள்.

பயிற்சிக் கூட்டங்களில் ஒரு அட்டவணை தருவார்கள்: நிகழ வாய்ப்புக்கு ஒன்று முதல் ஐந்து, பாதிப்புக்கு ஒன்று முதல் ஐந்து, இரண்டையும் பெருக்கு என்று. கேட்டால் நிரப்பிக் கொடுத்துவிடுங்கள், ஆனால் அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். அரிதாக வந்து ஊரையே அழிப்பதற்கும் ஐந்து, வாரம் ஒருமுறை வரும் சின்னத் தொல்லைக்கும் ஐந்து. இரண்டுக்கும் செய்ய வேண்டியதோ வேறு வேறு. அட்டவணையில் பலர் எழுத மறப்பவை இரண்டு. ஒன்று இடி. வயலில் வேலை செய்பவர்களையே அதிகம் கொல்கிறது, இந்தியாவில் ஆண்டுதோறும் இரண்டாயிரம் பேருக்கு மேல். இன்னொன்று வறட்சி. 2016 வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவிக்கப்பட்டன. அந்தக் கடன் அடையும் முன்பே கஜா வந்தது. ஒரே குடும்பத்தை இரண்டும் அடித்ததை எந்த அட்டவணையும் பெருக்கிக் காட்டாது.

எதை உறுதியாகச் சொல்வேன், எதைச் சொல்ல மாட்டேன்? அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் உங்கள் முக்கியமான ஆபத்துக் காலம், எந்தத் தெரு முதலில் மூழ்கும், எந்த மதகு அடைத்தால் எந்த வயல் போகும் என்பதெல்லாம் அளந்தால் உறுதியாகத் தெரிந்துவிடும். மேற்கு நோக்கி வரும் புயலில், கரை கடக்கும் இடத்துக்கு வடக்கே இருக்கும் கரைக்குத்தான் பொதுவாகக் கடல் அதிகம் ஏறும், அங்கே காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும். ஆனால் கோடியக்கரையைத் தாண்டினால் கரையே தெற்கு பார்த்துத் திரும்பிவிடுகிறது, அங்கே இந்த விதியை அப்படியே பொருத்தக் கூடாது. கடல் சூடாகிறது, பெய்தால் கொட்டித் தீர்க்கும் மழை கூடுகிறது என்பதில் அறிவியலாளர்களிடையே பெரிய மாறுபாடு இல்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரு நாளில் 95 செ.மீ. பெய்தது, அது அந்தப் பகுதியின் முழு ஆண்டுச் சராசரியைவிட அதிகம். அந்த ஊரின் பழைய பதிவுகளை மட்டும் வைத்து அதை யாரும் கணக்குப் போட்டிருக்க முடியாது. ஆனால் உங்கள் கரையில் புயல்களின் எண்ணிக்கை கூடுமா என்று கேட்டால், அடித்துச் சொல்பவரை நம்ப மாட்டேன். சுனாமி ஆண்டுக் கணக்கு சொல்பவரையும்தான். எச்சரிக்கைக்கு 2007 முதல் ஹைதராபாத்தில் மையம் இயங்குகிறது. சுமத்ரா பக்கம் நிலம் குலுங்கினால் உங்களுக்கு இரண்டு மணி நேரம் போல அவகாசம் இருக்கும். ஊராட்சி செய்ய வேண்டியது, அந்தச் செய்தி இரவு இரண்டு மணிக்கு வந்தால் யார் யாரை எழுப்புவது என்று முடிவு செய்வது.

காசை எதில் போடுவது என்ற கேள்விக்கு, தூரத்தில் இருந்துகொண்டு என் ஊகம்: வடிகாலில் இருக்கும் இரண்டு, மூன்று அடைப்புகள், புகலிடத்துக்குப் போகும் பாதை, குடிநீர் மோட்டாருக்கு ஒரு ஜெனரேட்டர். இந்த வரிசை உங்கள் அளவுகளைப் பார்த்தால் மாறலாம். நெல்லுக்கு, பள்ளத்து வயல்களில் சி.ஆர். 1009 சப்-1 போல இரண்டு வாரம் வரை மூழ்கித் தாங்கும் ரகம் போடலாமா என்று வேளாண் அலுவலகத்தில் கேளுங்கள், அது ஊராட்சிக் காசு இல்லாமலே ஆகிற வேலை. டியூப் அளவை ஐப்பசி மழை பிடிப்பதற்குள் முடியுங்கள். முதல் பெருமழையில் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு ஒரு சுண்ணாம்புக் கட்டியோடு இறங்கி, தண்ணீர் எந்தச் சுவரில் எதுவரை ஏறியது, எந்த நாள் வடிந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அளவுகளையும் வடிகாலின் கைவரைபடத்தையும் இங்கேயே போட்டால் பார்த்துச் சொல்கிறேன். வீட்டு வாரிப் பெயர்ப் பட்டியலை மட்டும் போட வேண்டாம்.